தண்ணீர் டிரம் பேரில் ஒரு ஸ்கேன்

மார்ச் 3

டமாரத்துக்கு,

சின்ன வயதில் உன்னை எதற்கு டமாரம் என்று கூப்பிட்டோம்? உன் காதில் ஒரு சேதி விழுந்தால் அரை மணி நேரத்தில் தெருவுக்கே தெரிந்துவிடும். அப்பா சட்டைப்பையில் ஒளித்து வைத்த சிகரெட்டிலிருந்து நான் கணக்கில் வாங்கிய பன்னிரண்டு மார்க் வரை ஊருக்கு அறிவித்தவன் நீ. இப்போது அக்கா ஒரு கேள்வி கேட்டால் வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷத்தில் நம் இருவரில் ஒருவர் வைத்துவிடுகிறோம். நேற்று வைத்தது நான். வாட்சப்பில் எழுதினால் நீ பத்து நிமிஷத்தில் அழித்துவிடுவாய். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். நீயும் காகிதத்திலேயே எழுது. கூரியரில் போட்டால் இரண்டு நாளில் வந்துவிடும்.

நேற்று நீ பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிட்டதால் முதலிலிருந்து சொல்கிறேன். இருமல் விடவில்லை என்று இங்கே மார்பு ஸ்கேன் எடுத்தார்கள். வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில், வெளி ஓரத்தில், ஒரு புள்ளி. பதினொரு மில்லிமீட்டர். ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். நல்லது என்றும் வரவில்லை, கெட்டது என்றும் வரவில்லை. ஊசி குத்தின இடம் மட்டும் ஒரு வாரம் வலித்தது.

சர்ஜன் பொறுமையான மனுஷர். படத்தைக் காட்டிச் சொன்னார்: "இது ரெண்டு வருஷமா இதே அளவுல இருந்தா பழைய தழும்புன்னு விட்டுடலாம்மா. வளர்ந்துக்கிட்டு இருந்தா எடுத்தாகணும். பழைய படம் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

நான் பெருமையாகச் சொன்னேன்: "இருக்கு டாக்டர். என் தம்பிதான் எடுத்தான். பெரிய ஆஸ்பத்திரி, புது மெஷின்."

உங்கள் ஆஸ்பத்திரி ரெக்கார்டு பிரிவுக்குப் போன் போட்டோம். என் பேரில் அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை கூடக் கிடையாதாம். அந்தப் பெண் மூன்று தரம் தேடிப் பார்த்துவிட்டு, "வேற ஆஸ்பத்திரியா இருக்குமோ மேடம்?" என்றாள். சர்ஜன் முன்னால் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். அதற்கப்புறம்தான் உனக்குப் போன் போட்டேன். "அதையெல்லாம் எதுக்கு இப்பக் கிளர்றே?" என்று என் மேல் பாய்ந்தாய்.

எதற்குக் கிளறுகிறேன் என்று சொல்கிறேன். பழைய படம் இல்லாவிட்டால் எனக்கு இரண்டே வழி. மூன்று மாதம் சும்மா இருந்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது ஒன்று. அது கெட்டதாக இருந்தால் அந்த மூன்று மாதத்தில் எங்கெல்லாம் பரவுமோ தெரியாது. இன்னொன்று, இந்த மாதம் இருபத்து நாலாம் தேதி நுரையீரலின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுப்பது. வெட்டினபிறகு அது வெறும் தழும்பு என்று தெரிந்தால் வெட்டினதைத் திரும்ப ஒட்ட முடியாது. நான் நீச்சல் குளத்தில் பிழைக்கிறவள். காலையில் நாற்பது பிள்ளைகளைத் தண்ணீரில் விட்டுக் கூடவே நீந்துகிறவள். எனக்கு மூச்சுதான் தொழில்.

இரண்டு வருஷம் மூன்று மாதம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உன் புது மெஷினில் என்னைப் படுக்க வைத்தாய். அந்தப் படம் எங்கே?

அக்கா

*

மார்ச் 6

அக்காவுக்கு,

முதலில் நீ பதற்றப்படாதே. பதினொரு மில்லிமீட்டர் என்பது பட்டாணி அளவுதான். தினம் நான் பார்க்கிற படங்களில் பத்துக்கு மூன்றில் ஏதாவது ஒரு புள்ளி இருக்கும். பெரும்பாலும் எப்போதோ வந்து போன சளிக்காய்ச்சலின் அடையாளம்.

அன்றைக்கு நான் எடுத்தது நுரையீரல் ஸ்கேன் இல்லை. இதயத்துக்கு மட்டும். கால்சியம் ஸ்கோர் என்று பேர். ஊசி, மருந்து எதுவும் வேண்டாம். இதயக் குழாயில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று பார்ப்பது. அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே சரிந்து போனதிலிருந்து நீயும் அப்படித்தான் போவாய் என்று நீயே முடிவு பண்ணிக்கொண்டு கிடந்தாய். உனக்கு ஸ்கோர் பூஜ்யம் வந்தது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன், நீ அந்த மேசையில் படுத்தபடியே அழுதாய். அதை மறந்துவிட்டாய் போல.

அந்த மாதிரிப் படத்தில் உன் புள்ளி தெரியவே தெரியாது. மெஷின் சுழலும்போது மார்பு முழுவதையும்தான் பார்க்கும். ஆனால் படமாகச் செய்யும்போது இதயத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அதற்குள் இருப்பதை மட்டும்தான் செய்வோம். அப்போதுதான் குழாய் பெரிதாகத் தெளிவாகத் தெரியும். நீ சொல்கிற வெளி ஓரம் அந்த வட்டத்துக்கு வெளியே.

மெஷின் பார்த்த மற்றதெல்லாம் ஏழு நாளில் தானாக அழிந்துவிடும். இடம் பற்றாது. ஆகவே அந்தக் கதை அன்றைக்கே முடிந்தது. இல்லாத படத்தைத் தேடி நேரத்தை வீணாக்காதே. இனிமேல் எங்கள் ரெக்கார்டு பிரிவுக்குப் போன் பண்ணாதே. அங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும், வீண் பேச்சு வரும்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

*

மார்ச் 9

தலைமை டெக்னீஷியன் அவர்களுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். நோயாளிகளுக்குக் கொடுக்கும் துண்டுப் பிரசுரம் மாதிரி இருந்தது. "பதற்றப்படாதே", "பட்டாணி அளவுதான்". உன் நெஞ்சுக்குள் ஒரு பட்டாணி இருந்தால் தெரியும்.

உன்னை விட்டால் உலகத்தில் வேறு டெக்னீஷியன் இல்லையா? இங்கே எனக்கு ஸ்கேன் எடுத்த பெண்ணிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். பேரை மறைத்துத்தான், பயப்படாதே. அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு தரம் படித்துவிட்டுச் சொன்னாள்: "அந்த வட்டம் போடறது சரிதான் ஆண்ட்டி. ஆனா கூடவே அகலமா இன்னொரு படமும் தானா வரும். ஓரத்துல ஏதாவது இருந்தா டாக்டர் பாக்கணும்ல, அதுக்காக. நுரையீரல்ல புள்ளி இருந்தா மெஷினே சிவப்பு வட்டம் போட்டுக் காட்டிடும். முறையாப் பேர் போட்டு எடுத்திருந்தா இதெல்லாம் வராம இருக்காதே?"

பேர் போட்டு எடுத்திருந்தால்! அந்தப் பெண் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு நீ என்னைப் பின்பக்க வாசல் வழியாகக் கூட்டிப் போனாய். சீட்டு இல்லை. என் பேரை யாரும் கேட்கவில்லை. பிறந்த தேதி கேட்கவில்லை. அந்த அறையில் பாதி மெஷினுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. நான் முட்டாள், தம்பி ராஜா மாதிரி இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

எந்த டாக்டர் என் படத்தைப் பார்த்தார்? பேரைச் சொல்ல வேண்டாம், ஆள் இருந்தாரா இல்லையா என்று மட்டும் சொல். எந்தப் பேரில் என்னைப் பதிந்தாய்? எழுதும்போது "கதை முடிந்தது" என்று மட்டும் எழுதாதே. என் கதை முடிந்ததா இல்லையா என்பதுதான் இங்கே கேள்வியே.

இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது.

அக்கா

*

மார்ச் 12

அக்கா,

சரி. கேள்.

தினமும் காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன்னால், தண்ணீர் நிரப்பின ஒரு பிளாஸ்டிக் டிரம்மை மேசையில் வைத்துப் படம் எடுப்போம். தண்ணீருக்கு மெஷின் பூஜ்யம் என்று காட்ட வேண்டும். காட்டினால் மெஷின் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த டிரம்முக்கும் ஒரு நோயாளிக்கு இருப்பது போலப் பதிவு எண் உண்டு. ஒரே வித்தியாசம், அந்த எண்ணில் வரும் படம் டாக்டர் படிக்கும் பட்டியலுக்குப் போகாது. அகலப் படம் வராது. சிவப்பு வட்டம் போடும் ப்ரோகிராம் ஓடாது. தண்ணீருக்கு எதற்கு நுரையீரல்?

உன்னை அந்த எண்ணில்தான் எடுத்தேன். எந்த டாக்டரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

இப்போது நான் கேட்கிறேன். ஏன் அப்படி எடுத்தேன்? உங்கள் ஊரில் இதய டாக்டர் மூன்று மாதம் கழித்துத் தேதி கொடுத்தார் என்று தினம் எனக்குப் போன் பண்ணியது யார்? "கியூவில நிக்கறதுக்கா தம்பி வெச்சிருக்கேன்" என்று என் மனைவி காதுபடக் கேட்டது யார்? மெஷினை நிறுவி, சோதனை ஓடிக்கொண்டிருந்த வாரம் அது. மனுஷரை அதில் படுக்க வைக்கவே கூடாது. நான் சொன்னேன். "நான் என்ன அந்நியமா?" என்றாய். நீதானே அக்கா கேட்டாய்? நீ கேட்டதைச் செய்ததற்கு இப்போது கொலைகாரனைக் கேட்கிற மாதிரி என்னைக் கேட்கிறாய்.

ஏழு நாளில் அழிந்துவிடும் என்று எழுதியது பொய். நோயாளிகளுடையது அழியும். சோதனை வாரத்தில் மெஷின் பார்த்த எல்லாவற்றையும் கதிரியக்கப் பாதுகாப்பைக் கவனிக்கும் எங்கள் மேடம் தனி டிஸ்கில் எடுத்துப் பூட்டி வைத்திருக்கிறார். மெஷின் இருக்கும் வரை அதுவும் இருக்கும். உன்னை முறையாக எடுத்திருந்தால் இன்றைக்கு இந்த மூலப் பதிவு மிஞ்சியிருக்காது. டிரம் என்பதால் இருக்கிறது.

நேற்று மதியம் மேடம் சாப்பிடப் போன நேரத்தில் அவர் சாவியை எடுத்து டிஸ்கைத் திறந்தேன். வட்டத்தை அகலமாக்கி மறுபடி படம் செய்தேன். உன் புள்ளி இருக்கிறது. அன்றைக்கே இருந்திருக்கிறது. அளந்தேன். பதினொன்று. இன்றைக்கும் பதினொன்று என்கிறாய். இரண்டு வருஷமாக அசையவில்லை அக்கா! தழும்புதான். வெட்ட வேண்டாம். ஆபரேஷனை நிறுத்து.

படத்தை அனுப்ப மட்டும் என்னால் முடியாது. அந்த வாரம் முழுவதும் மெஷினில் மனுஷர் யாரையும் படுக்க வைக்கவில்லை என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்னை நம்பி மேடம் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார். வெளியே வந்தால் என் லைசென்ஸ் போகும், அவர் பேரும் கெடும். சர்ஜனிடம் "பயமாக இருக்கிறது, காத்திருக்கிறேன்" என்று சொல். காரணம் சொல்ல வேண்டியதில்லை. நான் என் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன், ஒன்றுமில்லை.

தம்பி

*

மார்ச் 15

டேய்,

தண்ணி டிரம்மா! உன் கூடப் பிறந்தவள் உங்கள் ஆஸ்பத்திரிப் பதிவில் ஒரு தண்ணி டிரம். உன் மாமாவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அந்த மனுஷர், "உருவப் பொருத்தம் பாத்துத்தான் போட்டிருக்கான்" என்று சொல்லிச் சிரித்தார். அவரோடு நேற்றிலிருந்து பேச்சில்லை. நானே காபி போட்டுக் குடிக்கிறேன், அவரே அவருக்குப் போட்டுக்கொள்கிறார்.

நான் கேட்டேனாம். கேட்டேன்தான். நீச்சல் தெரியாத பிள்ளை ஆழமான பக்கத்தைப் பார்த்துவிட்டு "டீச்சர், குதிக்கட்டுமா?" என்று தினம் கேட்கும். கையைப் பிடித்து இழுத்துக் கேட்கும், அழுது கேட்கும். கூடாது என்று சொல்வதற்குத்தான் கரையில் எனக்குச் சம்பளம். பிள்ளை மூழ்கினபிறகு அதன் அம்மாவிடம் போய் "அவன்தான் கேட்டான்" என்று நான் சொன்னால் செருப்பால் அடிப்பாள். அடிக்கத்தான் வேண்டும்.

சரி, அதை விடு. உன் கடிதத்தின் கடைசி வரியைத் திரும்ப நீயே படி. "என் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன், ஒன்றுமில்லை." இரண்டு வருஷம் முன்னால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியபோதும் இதைத்தானே சொன்னாய்? அப்போது அந்தப் புள்ளி உன் விரலுக்குப் பின்னால் என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. நீ படம் எடுக்கிறவன். படிக்கிறவன் இல்லை. படிப்பதற்கு ஒருத்தர் பத்துப் பன்னிரண்டு வருஷம் படித்துவிட்டு இருட்டறையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கண்ணில் என் படம் இன்றுவரை படவில்லை.

உன் ஏற்பாடு எனக்குப் புரிகிறது. நான் வாயை மூடிக்கொண்டு ஆபரேஷனை நிறுத்த வேண்டும். தழும்பாக இருந்தால் நீ என்னைக் காப்பாற்றிய தம்பி. இல்லாவிட்டால் எதுவும் எங்கேயும் எழுதப்படவில்லை, பாவம் அக்கா பயந்துபோய்க் காத்திருந்துவிட்டாள். இரண்டில் எது நடந்தாலும் உன் கையெழுத்துக்கு ஒரு குறையும் வராது.

மேடம் பேர் கெடும் என்று வருத்தப்படுகிறாய். நல்லது. மேடமுக்கு நுரையீரல் இரண்டும் முழுசாக இருக்கின்றனவா?

சர்ஜனுக்குக் காகிதம் வேண்டும். என் பேர் போட்டு, தேதி போட்டு, ஒரு டாக்டர் அளந்து கையெழுத்துப் போட்ட காகிதம். அது வந்தால் நிறுத்துகிறேன். வராவிட்டால் இருபத்து நாலாம் தேதி காலை ஏழு மணிக்குப் போய் மேசையில் படுப்பேன். வெட்டினபிறகு அது தழும்பு என்று தெரிந்தால், வெட்டின துண்டை உன் வீட்டு விலாசத்துக்குக் கூரியரில் அனுப்பச் சொல்வேன்.

அக்கா

*

மார்ச் 20

அக்கா,

இந்தக் கடிதம் வருவதற்குள் உனக்கு விஷயம் தெரிந்திருக்கும். ஆனாலும் நான் சொல்லியாக வேண்டும்.

உன் கடிதம் பதினேழாம் தேதி வந்தது. படித்துவிட்டு உன் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. நான் சொல்லியும் கேட்காமல், ஒரு காகிதத்துக்காக நல்ல நுரையீரலை வெட்டிக்கொள்ளப் போகிறாளே, இவளுக்கு என்ன பிடிவாதம் என்று. சோற்றை வைத்த தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். "போய்ச் சொல்லித் தொலைங்களேன்" என்றாள் என் மனைவி. அவளையும் திட்டினேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு மேடம் அறைக்குப் போனேன்.

திருந்திப் போய்விட்டேன் என்று நினைக்காதே. நான் சொன்னதுதான் சரி என்று ஒரு டாக்டர் வாயால் சொல்ல வைத்து அந்தக் காகிதத்தை உன் முகத்தில் எறிய வேண்டும் என்றுதான் போனேன். வேலை போனாலும் பரவாயில்லை, அக்காவின் நுரையீரல் மிஞ்சும், அப்புறம் ஆயுசு முழுக்க அவள் எனக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படி ஏறினேன்.

மேடம் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "என்னையும் சேத்து ஏமாத்திட்டீங்க" என்றார். அவ்வளவுதான். டிஸ்கைத் திறந்து, டிரம் பேரை எடுத்துவிட்டு உன் பேர், உன் பிறந்த தேதி போட்டுப் பதிந்தார். நுரையீரல் படம் படிக்கும் டாக்டரைக் கூப்பிட்டார். நான் பின்னால் சுவரோரம் நின்றேன்.

அந்த டாக்டர் நான் செய்து வைத்திருந்த படத்தைப் பார்த்ததும் கேட்டார்: "இத எத்தனை மில்லிமீட்டர் துண்டுல அளந்தீங்க?"

"மூணு சார்."

"ஏன்?"

கால்சியம் பார்க்கும்போது படத்தை மூன்று மில்லிமீட்டர் கனத்தில் துண்டு போடுவோம். அந்தப் பழக்கத்தில், அதே கனத்தில் செய்து அளந்துவிட்டேன். ரொட்டியைத் தடிமனாக நறுக்கினால் உள்ளே இருக்கிற திராட்சை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாது, ஓரம் கலங்கி இருக்கும். அந்தக் கலங்கலையும் சேர்த்து அளந்தேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நானே சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. அளவுக் கோட்டை இழுத்தபோது முதலில் ஒன்பது வந்தது அக்கா. ஓரத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தரம் இழுத்தேன், பத்து. மூன்றாவது தரம் பதினொன்று வந்தது. நிறுத்திக்கொண்டேன்.

டாக்டர் அரை மில்லிமீட்டர் துண்டில் மறுபடி செய்தார். ஓரம் கத்தி மாதிரி தெளிவாக இருந்தது. அளந்தார்.

ஆறு.

ஆறிலிருந்து பதினொன்று. குறுக்களவில் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, கன அளவில் ஆறு மடங்கு. "இது தழும்பு இல்ல" என்றார். அந்த அறையிலிருந்தே உன் சர்ஜனுக்குப் போன் போட்டார்.

நான் உட்கார நாற்காலி தேடினேன். யாரும் கொடுக்கவில்லை. கொடுத்திருக்கவும் கூடாது.

என்னை சஸ்பெண்ட் பண்ணியிருக்கிறார்கள். விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். அதெல்லாம் இருக்கட்டும். நீ என் பேச்சைக் கேட்காமல் அந்தத் தேதியை விடாமல் பிடித்துக்கொண்டு இருந்தாயே, அதை நினைத்துத்தான் நான் இன்றைக்குச் சாப்பிட்டேன். திட்டு, அக்கா. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. இருபத்து நாலாம் தேதி நான் அங்கே வரட்டுமா?

தம்பி

*

ஏப்ரல் 18

டமாரத்துக்கு,

வரட்டுமா என்று கேட்டாய், பதில் எழுதவில்லை. வந்திருந்தால் வார்டிலேயே சண்டை நடந்திருக்கும். பக்கத்துப் படுக்கைக்காரிக்குக் குடல் ஆபரேஷன், அவள் சிரிக்கவும் கூடாது, பயப்படவும் கூடாது.

கீழ்ப்பகுதியை எடுத்துவிட்டார்கள். புற்றுநோய்தான். ஆரம்ப நிலை. கூடவே எடுத்துச் சோதித்த நிணநீர் முடிச்சுகள் ஒன்றிலும் இல்லை. வேறு எங்கேயும் பரவவில்லை. மருந்து ஏற்ற வேண்டியதில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஸ்கேன் எடுத்தால் போதும் என்கிறார்கள். இப்போதைக்கு ஒரு மாடி ஏறினால் நடுவில் நின்றுவிடுகிறேன். குளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிள்ளைகளை அதட்டுகிறேன். விசில் ஊதினால் தையல் போட்ட இடம் இழுக்கிறது. குரலே போதுமாக இருக்கிறது.

மூன்று விஷயம் உனக்குச் சொல்ல வேண்டும். இரண்டை இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை, உன் மாமாவிடம் கூட.

கியூவில் நிற்கவா தம்பி வைத்திருக்கிறேன் என்று நான்தான் சொன்னேன். அன்றைக்குப் பாதி மெஷின் உறைக்குள் இருந்ததைப் பார்த்தபோதே, இது முறையில்லாத காரியம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். வெளியே வரிசையில் காத்திருந்தவர்களை விட நான் ஒரு படி மேலே என்று சந்தோஷமாக இருந்தது. போன மாதம் இதை ஒத்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

அடுத்தது இதைவிடக் கஷ்டம். நான் தேதியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருந்தாய். அதை நினைத்துச் சாப்பிட்டாய். நான் பிடித்துக்கொண்டு இருக்கவில்லை. பதினைந்தாம் தேதி உன்னை அந்தத் திட்டுத் திட்டிக் கடிதத்தைக் கூரியரில் போட்டுவிட்டு வந்தேன். பதினாறாம் தேதி காலையில் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, "ஆபரேஷன் வேண்டாம், பேர எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டேன். "எதுக்கும்மா?" என்று கேட்டார்கள். நீ சொல்லிக் கொடுத்தபடியே, பயமாக இருக்கிறது என்றேன்.

நம்பிவிட்டேன்டா. அவ்வளவு கோபத்திலும் நம்பினேன். நீ படிக்கிறவன் இல்லை என்று எழுதின கைதான் போனை எடுத்தது. தம்பி பார்த்துவிட்டான், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டான் என்று மூன்று நாள் நிம்மதியாக இருந்தேன். குளத்தில் முப்பது சுற்று நீந்தினேன். பத்தொன்பதாம் தேதி சர்ஜன் தானே கூப்பிட்டு, "உடனே வாங்கம்மா, பழைய படம் கிடைச்சிருக்கு" என்று சொன்னார். என் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள். அவரைத் தள்ளி வைத்துவிட்டு என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நீ ஒரு வாரம் கழித்துக் கோபப்பட்டிருந்தால் நான் பாட்டுக்கு நீந்திக்கொண்டே இருந்திருப்பேன்.

மூன்றாவது. உங்கள் விசாரணைக் குழு எனக்கும் எழுதிக் கேட்டிருந்தது. பதில் அனுப்பிவிட்டேன். வேறு யார் மூலமாகவும் உனக்குத் தெரிய வேண்டாம் என்று நானே சொல்கிறேன். முறையில்லாமல் எடுக்கச் சொல்லி வற்புறுத்தினது நான் என்று எழுதினேன். தானாகவே வந்து உண்மையைச் சொன்னான், அதனால்தான் உயிரோடு இருக்கிறேன் என்று எழுதினேன். அதற்குக் கீழே, என் தம்பியை மறுபடி ஸ்கேன் மெஷின் முன்னால் உட்கார வைக்காதீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

உன் மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "கூடப் பொறந்தவன் வயித்துல அடிக்கிறியே, இது நியாயமா?" என்று கேட்டார். அடிக்கிறேன்தான். ஒன்பது வந்தபோது நீ நிறுத்தவில்லை. பதினொன்று வரும்வரை இழுத்தாய். முன்பின் தெரியாத ஒருத்தியின் படமாக இருந்தால் ஒன்பது என்று எழுதி டாக்டரிடம் கொடுத்திருப்பாய், அவள் பிழைத்துப் போயிருப்பாள். நாளைக்கு உன் மனைவியின் அண்ணன் வருவார், பக்கத்து வீட்டுக்காரர் வருவார், "கொஞ்சம் பாத்துச் சொல்லேன்" என்பார்கள். உனக்கு இல்லை என்று சொல்ல வராது. பிடித்தவர்களுக்கு நல்லதுதான் உன் கண்ணுக்குத் தெரியும். அவர்களும் என்னை மாதிரி நம்பிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள்.

உனக்கு வேறு என்ன வேலை தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அதை நினைத்து அழுதேன், தையல் வலித்தது, அந்த வலியிலும் உன்னைத்தான் திட்டினேன். மறுபடி எழுதச் சொன்னாலும் அந்த வரியை அப்படியேதான் எழுதுவேன்.

கோபம் தீர்ந்தால் வா. தீராவிட்டாலும் வா, என்னுடையதும் இன்னும் தீரவில்லை.

அக்கா